முதலில் யாருக்கு?

ஊரடங்கு முடிந்து ஊர் திறந்த பிறகுதான் நவநீதனுக்கு வேலை கூடிப்போனது. கடை வேலையைச் சொல்லவில்லை. மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு மொத்த மருந்துக் கடையில் அவர் பில் போடுகிறவர். ஊரே அடைந்து கிடந்தபோதும் கழுத்தில் பாஸைத் தொங்கவிட்டுக்கொண்டு போய்வந்த ஆள். கூடிப்போனது ஞாயிற்றுக்கிழமை வேலை. வைகாசியில் மனைவி ரெங்கநாயகி இறந்தபோது வர முடியாமல் போனவர்கள் எல்லாரும், பஸ் ஓட ஆரம்பித்ததும், ஆவணியில் துக்கம் விசாரிக்கக் கிளம்பி வந்தார்கள்.

வருகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு அவளைத் தூக்கிப்போக நாலு பேர் இல்லை. பிளாஸ்டிக் உறையில் சுற்றி, கவச உடை போட்ட இரண்டு பேர் கொண்டுபோனதை நவநீதன் தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி. விட்டுப்போன அழுகையை இப்போது வாரம் ஒரு கும்பலாக வந்து அழுதார்கள். திருவானைக்காவல் மாடி வீட்டுக்கு மூச்சு வாங்க ஏறி, மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி, படத்துக்கு முன்னால் நின்று அழுவார்கள். அப்புறம் ஃபேனுக்கு அடியில் இடம் பார்த்து உட்கார்வார்கள். சிலர் கையில் துணிக்கடைப் பையும் இருக்கும், தள்ளிப்போன கல்யாணமெல்லாம் அந்த மாதத்தில்தான் குவிந்திருந்தது. கே.கே. நகரிலிருந்து வந்த ஒருவர் கண்ணைத் துடைத்த கையோடு, ஸ்ரீரங்கம் கோயில் இன்றைக்குத் திறந்திருக்குமா என்று கேட்டார். வெள்ளி, சனி, ஞாயிறு மூடல் என்றதும் அவர் முகத்தில் வந்த வருத்தம், சற்றுமுன் வந்ததைவிடக் கொஞ்சம் நிஜமாக இருந்தது.

எல்லாருக்கும் முழுக் கதையும் வேண்டும். எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நாள் ஆக்ஸிஜன், கடைசியாக என்ன பேசினாள். முதல் இரண்டு வாரம் சொல்லும்போது நவநீதன் பாதியில் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை. எந்த இடத்தில் நிறுத்தினால் எதிரே இருப்பவர் உச்சுக்கொட்டுவார் என்பதுகூடப் பழகிவிட்டது. அப்படிப் பழகிப்போனது அவருக்கே அருவருப்பாக இருந்தது. திங்கட்கிழமை கடைக்குப் போய் உட்கார்ந்தால் அடித்துப் போட்ட மாதிரி உடம்பெல்லாம் வலிக்கும்.

கதையில் ஒரே ஒரு இடம் மட்டும் பழகவே இல்லை. வருகிறவர்கள் எல்லாரும் கொஞ்சம் குனிந்து, குரலைத் தாழ்த்தி, அதைக் கேட்டுவிடுவார்கள்.

"வீட்ல மொதல்ல யாருக்குங்க வந்துச்சு?"

தெரியலைங்க என்பார் நவநீதன். மூணு பேருக்குமே ஒரே சமயத்துலதான்.

அவருக்குத் தெரியும். முதலில் காய்ச்சலில் படுத்தது மகள் யாழினி. இரண்டு நாள் கழித்து ரெங்கநாயகி. ஆனால் யாழினி படுப்பதற்கு மூன்று நாள் முன்பே நவநீதனுக்குத் தொண்டை கரகரத்தது, உடம்பு கணகணவென்று இருந்தது. கடையில் சொன்னால் பதினாலு நாள் ஷட்டரை இறக்க வேண்டும், முதலாளி எரிந்து விழுவார். கைக்கெட்டும் தூரத்தில் மாத்திரை இருந்தது. போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வந்தார். வீட்டில் ஐஸ் தண்ணி குடித்தேன் என்றார். ஊருக்கெல்லாம் டெஸ்ட் எடுங்கள் என்று உபதேசம் செய்த மனிதர், தனக்கு எடுக்கவில்லை.

இதை வெளியே சொல்லிவிட்டால் மகள் தன்னை எப்படிப் பார்ப்பாளோ என்ற பயம் அவருக்கு நெஞ்சுக்குள் கல்லாகக் கிடந்தது. யாழினி பன்னிரண்டாம் வகுப்பு. ஒன்றாம் தேதி ஸ்கூல் திறந்ததும் போக ஆரம்பித்திருந்தாள். ஆள் வந்தால் உள் அறையில் புத்தகத்தோடு உட்கார்ந்துகொள்வாள். படிக்கிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உப்பிலியபுரத்திலிருந்து வீரம்மாளும் அவள் புருஷன் பிச்சையும் வந்தார்கள். வீரம்மாள் ரெங்கநாயகிக்குப் பெரியப்பா மகள், கூடவே வளர்ந்தவள். அவள் அழுகை நிஜமான அழுகை. அவளுக்குக் காபியாவது கொடுக்க வேண்டுமே என்று நவநீதன் பால் வாங்கத் தெருமுனைக்குப் போனார். கதை சொல்வதைப் பத்து நிமிடம் தள்ளிப்போடலாம் என்ற ஆசையும் இருந்தது.

பாக்கெட்டோடு பாதிப் படி ஏறும்போது மேலே யாழினியின் குரல் கேட்டது. அவர் சொல்கிற கதையைத்தான் அவளும் சொல்லிக்கொண்டிருந்தாள். அதே வரிசை, அதே வார்த்தை, அவர் நிறுத்துகிற இடத்தில் அதே நிறுத்தல். எல்லா ஞாயிறும் கேட்டிருக்கிறாள். நவநீதன் படியிலேயே நின்றுவிட்டார்.

வீரம்மாள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"எனக்குத்தான் பெரியம்மா," என்றாள் யாழினி. "ஃப்ரெண்டு வீட்டுக்கு நோட்டு வாங்கப் போனேன். அப்பறம்தான் காய்ச்சல். என்கிட்டேருந்துதான் அம்மாவுக்கு. அப்பாவுக்குத் தெரியும். நான் அழுவேன்னுதான் எல்லார்கிட்டயும் தெரியலைன்னு சொல்லிக்கிட்டு இருக்காரு."

இன்னும் இரண்டு நிமிடம் படியிலேயே நின்றிருந்தால் போதும். வீரம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு, நீ என்னடி பண்ணுவே, எல்லாம் விதி என்று சமாதானம் சொல்லி முடித்துவிடுவாள். நல்ல அப்பா என்ற பெயரையும் பிள்ளை கேட்காமலே கொடுத்துவிட்டது. நவநீதனுக்கு அவ்வளவு அசதி. அங்கேயே நிற்கத்தான் தோன்றியது, ஆனால் பழியை மகள் தலையில் விட்டுவிட்டு நிற்க முடியவில்லை.

உள்ளே போய்ப் பால் பாக்கெட்டை நாற்காலியில் வைத்தார்.

"இல்ல அண்ணி. மொதல்ல எனக்குத்தான். பாப்பா படுக்கறதுக்கு மூணு நாள் முன்னாடியே எனக்குத் தொண்டை வலி. கடையை மூடிடுவாங்கன்னு மாத்திரையைப் போட்டுக்கிட்டுப் போயிட்டு வந்தேன். வீட்லயும் மறைச்சிட்டேன்."

பிச்சை தலையைக் குனிந்துகொண்டார். வீரம்மாள் வாயில் முந்தானையை வைத்தபடி நவநீதனையே பார்த்தாள். அவள் என்ன நினைத்தாலும் நவநீதனுக்கு இனி அக்கறையில்லை. அவர் மகளைத்தான் பார்த்தார்.

யாழினி அழவில்லை, கத்தவும் இல்லை. கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரி நிதானமாகக் கேட்டாள்.

"நாலு மாசமா நான் அம்மா படத்துக்கு முன்னாடி வந்து நின்னதே இல்லப்பா. நீங்க அதைப் பாக்கவே இல்லையா?"

நவநீதன் பார்த்திருக்கவில்லை.