எச்சில் தழை

சுகிர்தாவுக்குக் கை கழுவாமல் எதையும் தொடும் வழக்கம் கிடையாது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் மாத்திரைகளை அட்டையில் அடைக்கும் கம்பெனி ஒன்றில் பதினோரு ஆண்டுகள் உழைத்தவள் அவள். உள்ளங்கை, விரலிடுக்கு, நகக்கண் என்று அங்கே கற்பித்த வரிசை பிசகாமல் சோப்புப் போடுவாள். மனத்துக்குள் இருபது எண்ணி முடிக்கும்வரை குழாயைத் திறக்கமாட்டாள். கம்பெனி வேறு மாநிலத்துக்குப் போய்விட்ட பின்னரும் அப்பழக்கம் அவளைவிட்டுப் போகவில்லை.

கம்பெனி கடைசியாகக் கொடுத்த தொகையில் ஆர்.கே.பேட்டைச் சந்தையிலிருந்து ஏழு வெள்ளாட்டுக் குட்டிகளை வாங்கி வந்தாள். தாய் ஆடுகள் கறிக்குப் போய்விட்டன. பால்குடி மறவாத குட்டிகளை எவரும் சீந்தவில்லை. கணவன் இல்லாத வீட்டில், நர்சிங் படிக்கும் மகள் சோனியாவின் மீதிப் படிப்பு அந்த ஏழு குட்டிகளை நம்பியே இருந்தது. ஆகவே தனக்குத் தெரிந்த ஒரே வழியில் அவற்றைக் காத்தாள். கொட்டகைத் தரையைத் தினந்தோறும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தாள். பால்புட்டியைக் கொதிநீரில் இட்டெடுத்தாள். தழையைக்கூடக் கழுவி உதறியே கொடுத்தாள். எதிர்வீட்டுக் கலியனின் ஆடுகள் மூக்கை நீட்டாதபடி சுற்றிலும் பச்சை வலை கட்டினாள். பால் குடித்தவரையில் குட்டிகள் கொழுகொழுவென்றுதான் இருந்தன. பாலை நிறுத்தித் தழைக்குப் பழக்கிய மாதத்தில் ஒவ்வொன்றாக வயிறு உப்பிப் படுத்தன. மூன்று இறந்தன. எங்கோ அழுக்கு மிஞ்சிவிட்டது என்றெண்ணி, அவள் இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

அன்று காலை கால்நடை மருத்துவர் காயத்ரி வந்து, படுத்துக் கிடந்த மூன்று குட்டிகளின் இடவயிற்றையும் அழுத்திப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"அக்கா, என் ஊட்டு சமையக்கட்டுகூட இவ்ளோ சுத்தமா இருக்காது."

ஒரு கணம் சுகிர்தாவுக்குப் பெருமையாக இருந்தது.

"அதான் தப்பாப் போச்சு" என்றார் காயத்ரி. "பொறந்த குட்டி வயித்துல கிருமிங்க ரொம்பக் கம்மி. பால் குடிக்கிற வரைக்கும் அதுக்கேத்த கிருமி இருந்தா போதும். தழை தின்ன ஆரம்பிச்சா, நார செரிக்கிற வேற கூட்டம் வந்து சேரணும். வயசு ஏற ஏற மாறிக்கினே வந்து, பெரிய ஆட்டுலதான் அது நெலச்சி நிக்கும். பெரிய ஆடு நக்கணும், அது வாய் வெச்ச எச்சில் தழைய இதுங்க தின்னணும். நீங்க வழியே உடலியே."

"மருந்து எழுதிக் குடுங்க மேடம். எங்க இருந்தாலும் போய் வாங்கியாறேன்."

"உப்புசத்துக்குக் குடுத்துட்டேன். மீதி கடையில கெடைக்காது. நோயில்லாத பெரிய ஆடு ஒண்ண கூடவே உடுங்க. அது அசை போடும்போது வாயிலேர்ந்து கொஞ்சம் எடுத்து இதுங்களுக்கு ஊட்டுங்க. கேரண்டி கிடையாதுக்கா. ரெண்டு நாள் தாண்டிட்டா அந்த வழியும் இல்ல."

காயத்ரியின் ஸ்கூட்டர் கிளம்பியதும் சுகிர்தா எதிர்வீட்டைப் பார்த்தாள். மேய்ச்சல் நிலமெல்லாம் கம்பெனி மதிலுக்குள் போய்விட்டபின், அவ்வூரில் ஆடு வைத்திருந்தவர் கலியன் ஒருவரே. அவரும் அன்று விற்றுக்கொண்டிருந்தார். ஆரணியிலிருந்து வந்த வியாபாரி ஹனீப், கடைசி ஆடான கிழப் பெட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவள் ஓடினாள்.

"இன்னாமா, உன் ஆஸ்பத்திரில இன்னிக்கி எத்தினி அட்மிஷன்?" என்று சிரித்த கலியன், அவள் முகத்தைக் கண்டதும் பீடியைக் கீழே போட்டார்.

அவள் மூச்சிரைக்கச் சொல்லி முடித்தாள். "அந்தக் கெழட்டாட்ட எனக்குக் குடுங்கண்ணே."

"இதயா? வலைகிட்ட வந்துச்சின்னு பினாயில் தண்ணிய ஊத்தி வெரட்டினியே, அதேதான் இது. முன்பல்லு பாதி இல்ல."

"வயிறு நல்லாகீதா?"

"வயித்துக்கு இன்னா? முள்ளக்கூட அரைச்சித் தள்ளும்."

ஹனீப் தலையைச் சொறிந்தார். "நாளைக்கி கல்யாண ஆர்டரும்மா. இத்தினி தலைன்னு சொல்லிட்டேன். ஒண்ணு கொறஞ்சாலும் பேஜாராயிடும்." அவர் பார்வை வலைக்குள் சென்றது. "அந்தச் செவலக் குட்டி நல்லாத்தானே கீது? அத்த குடு, இத்த எறக்கிடறேன்."

அச்செவலைக்கு மட்டும்தான் அவள் இன்னும் பாலை நிறுத்தவில்லை. புட்டி வருகிறதென்று எண்ணி, அது வலையில் முன்னங்கால்களை ஊன்றி வாலை ஆட்டியது. விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் சோனியா மடியில் தூங்கிய குட்டி. அதன் பின்னே மற்ற மூன்றும் கழுத்தைத் தரையில் நீட்டிக் கிடந்தன. நிற்பதைக் கொடுத்தால், கிடப்பவை எழுந்துவிடும் என்று யார் சொல்ல முடியும்? கொடுக்காவிட்டால், பால் மறக்கும் மாதத்தில் இதுவும் அந்த வரிசையிலேயே படுக்கும். வண்டிக்குள் கிழ ஆடு இவை எதையும் அறியாமல், தாடையைப் பக்கவாட்டில் அசைத்து மென்றுகொண்டிருந்தது.

கலியன் தணிந்த குரலில், "யோசிச்சி சொல்லும்மா. கெழடு எத்தினி நாளு இருக்குமோ" என்றார்.

"செவலய எடுத்துக்கோங்க பாய்" என்றாள் சுகிர்தா. "கெழவிய எறக்கிடுங்க."