கப்பல் கிளம்பும் நாளில் நனைந்த சட்டை

சவுத்தாம்ப்டன் துறைமுகத்தை ஒட்டிய அந்தத் தெருவில், கப்பல்காரன் பெண்டாட்டி எவளும் அவன் புறப்படும் நாளில் துணி துவைக்க மாட்டாள். துவைத்தால் கடல் அவனைக் கழுவிக்கொண்டு போய்விடுமாம். அன்று காலை ஹெட்டி தொட்டியில் வெந்நீரை ஊற்றிக் கணவனின் சட்டையை முக்கினாள்.

மூட்டை கட்டிக்கொண்டிருந்த வில்ஃப் திகைத்தான். கப்பல் உலைக்குக் கரி அள்ளிப் போடுபவன் அவன். "உனக்கென்ன கிறுக்கா? மத்தியானம் எனக்குக் கப்பல்."

"நீ ஏறினாத்தானே கப்பல்."

டைட்டானிக் மூழ்கிப் பதினைந்து நாள்கூட ஆகவில்லை. அந்தத் தெருவில் மட்டும் ஆறு வீடுகளில் துக்கத்துக்கு அடையாளமாக ஜன்னல் திரை இறங்கியே கிடந்தது. படகு போதாமல்தான் அத்தனை பேர் செத்தார்கள் என்றதும், மற்றக் கப்பல்களில் அவசரமாகப் படகுகளை ஏற்றினார்கள். வில்ஃபின் கப்பலுக்கு வந்தவை, சட்டத்தில் முரட்டுத் துணி இழுத்துக் கட்டிய பழைய கித்தான் படகுகள். ஒன்றை அழுத்திப் பார்த்தேன், விரல் உள்ளே போய்விட்டது என்று முந்தின நாள் அவனே சிரித்துக்கொண்டு சொன்னான். எட்டு வருஷம் கித்தான் தைத்த ஹெட்டிக்குச் சிரிப்பு வரவில்லை.

"எல்லாரும் ஏறுறப்ப நான் மட்டும் நின்னா, பயந்தாங்கொள்ளின்னுவானுங்க."

"சொல்லட்டும். பயந்தாங்கொள்ளிக்கும் அதே உருளைக்கிழங்குதான் வேகவைக்கணும்."

அவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவள் சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

பன்னிரண்டு மணிக்குக் கப்பல் சங்கு ஊதவில்லை. மூன்று மணிக்கு வில்ஃப் முழங்கால்வரை நனைந்து வந்து நின்றான். கூடவே அவனோடு கரி அள்ளும் ஜெம்.

"அதிகாரிகிட்டயே போயிட்டான்," என்றான் ஜெம். "'ஒரு படகை இறக்குங்க ஐயா, நானே உக்கார்றேன், மிதந்தா வேலைக்கு வர்றேன்'னான். கால் மணி நேரத்துல முழங்கால் தண்ணி. இவன் எழுந்திருக்கணுமே. அவரையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான். அதைப் பாத்துட்டு நாங்க அத்தனை பேரும் மூட்டையோட கப்பலை விட்டு இறங்கிட்டோம்."

பதினோரு வருஷம் பார்த்த முகத்தை ஹெட்டி புதிதாகப் பார்த்தாள்.

"குளிருது. வேற சட்டை குடு," என்றான் வில்ஃப்.

"கொடியில ஈரமா இருக்கு. என் சால்வையைப் போத்திக்க."

பத்து நாள் கழித்து மரப் படகுகள் வந்தன. ஒவ்வொன்றையும் தண்ணீரில் இறக்கி, துடுப்புப் போட்டுப் பார்த்த பிறகுதான் ஆட்கள் கப்பலில் ஏறினார்கள். வில்ஃப் புறப்பட்ட அன்று காலை ஹெட்டியின் தொட்டி சுவரோரம் கவிழ்ந்து கிடந்தது.