பின் சீட் இல்லாத வண்டி

பல் டாக்டருக்கு ஒரு தொழில் நோய் உண்டு. கேள்வி கேட்பார், பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. வாயில் பஞ்சும் குழாயுமாகப் படுத்துக் கிடப்பவர்களிடம், "பையன் எப்படிப் படிக்கிறான்? வீடு கட்டி முடிச்சாச்சா?" என்று காலமெல்லாம் கேட்டுப் பழகியவர். அவர்கள் "ஆ... ஆ..." என்பார்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த பல்லுக்குப் போய்விடுவார்.

வீட்டில் யார் வாயிலும் பஞ்சு கிடையாது. ஆனாலும் அதே கதைதான்.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் அவர் மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தண்ணீர்க் குழாயிடம் சொல்வது போல, "எங்கேயாவது போயிடணும் போல இருக்கு" என்றார்.

டாக்டர் பேப்பரை மடித்து வைத்தார். டீச்சர் தானாக வாய் திறந்து ஒரு ஆசையைச் சொல்லி எவ்வளவு காலம்! வீட்டுப் பேச்சு "சாவி எங்கே", "கேஸ் வந்துச்சா" என்ற அளவுக்குத் தேய்ந்து போயிருந்தது. இருவருக்கும் நடுவே ஏதோ ஆடுகிறது என்பது அவருக்கும் தெரியும். பல்லாக இருந்தால் எக்ஸ்ரே எடுத்திருப்பார். இதற்கு என்ன எடுப்பது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் இருந்தார். இப்போது வழி பிறந்துவிட்டது. போகணும் என்கிறாள், போவோம். காடு மலை என்று இரண்டு பேரும் சுற்றிவிட்டு வந்தால் ஆட்டம் நின்றுவிடும்.

"போயிடலாம்" என்றார்.

டீச்சர் குழாயை மூடிவிட்டு அவரையே பார்த்தார். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. அதற்குள் டாக்டர் அளவு டேப்போடு வாசலுக்குப் போயிருந்தார்.

வாசலில் நின்றது ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி. மாமனார், மாமியார், மகள் என்று எல்லோரையும் அள்ளிப் போட்டுக்கொண்டு போவதற்காக வாங்கியது. பெரியவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மகள் கல்லூரி விடுதியில். காலி சீட்டுகள்தான் தினமும் டாக்டரோடு கிளினிக்குக்குப் போய், நோயாளி யாரையும் பார்க்காமல் திரும்பி வந்துகொண்டிருந்தன.

சீட்டுகளைக் கழற்ற ஒரு வெல்டர் வந்தார். போல்ட் எல்லாம் துருப்பிடித்து அசையாமல் இருந்தது.

"வேர் ஆழமா இருக்கு டாக்டர். மரத்துப்போற ஊசி போட்டுடலாமா?"

"பேசாம இழுப்பா."

"இப்படித்தான் நீங்க எனக்கும் சொன்னீங்க. ரெண்டு நாள் கஞ்சிதான் குடிச்சேன்."

சீட்டுகள் போன இடத்தில் பலகைப் படுக்கை வந்தது. படுக்கைக்குக் கீழே டிராயர்கள். பின்கதவைத் திறந்தால் வெளியே நீளும் அடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டி, தனி பேட்டரியில் ஓடும் குட்டி ஃபிரிட்ஜ், ஜன்னலுக்குக் கொசுவலை, கூரையோரம் சுருட்டி வைத்து இழுத்தால் விரியும் பந்தல் துணி. டாக்டர் எல்லாவற்றையும் மில்லிமீட்டரில் அளந்தார். டிராயர் லேசாக உரசினாலும், "வாய் மூடும்போது மேல தட்டுது பாரு" என்று வெல்டரைத் திரும்பத் தேய்க்க வைத்தார்.

லீவுக்கு வந்த மகள் வண்டியைச் சுற்றி வந்தாள்.

"அப்பா, இது காரா, சக்கரம் முளைச்ச பீரோவா?"

"கிண்டல் பண்ணாதே. உங்கம்மா போகணும்னு சொன்னா. அதுக்குத்தான்."

மகளின் சிரிப்பு அப்படியே நின்றது. "அம்மா உங்ககிட்ட சொல்லிட்டாங்களா?"

"சொல்லாம? அன்னிக்கே சொல்லிட்டா."

"உங்களுக்கு... பரவாயில்லையாப்பா?"

"பரவாயில்லையாவா? நான்தானே எல்லா ஏற்பாடும் பண்றேன்! அடிச்சுப் பிடிச்சு சீக்கிரம் முடிச்சுடுவேன்."

மகள் அவரைக் கட்டிக்கொண்டாள். "நீங்க ரொம்பப் பெரிய மனுஷன்ப்பா" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. பலகை வேலைக்கு இவ்வளவு பாராட்டா என்று டாக்டருக்கே கூச்சமாக இருந்தது. டிராயரை இன்னொரு முறை இழுத்துக் காட்டினார்.

மெத்தை வந்த ஞாயிற்றுக்கிழமை டீச்சரைக் கூப்பிட்டார். "வா, படுத்துப் பாரு. கால் இடிக்குதா? தலையணை உயரம் போதுமா?"

டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தார். டாக்டரும் பக்கத்தில் படுத்தார். கூரை முகத்துக்குக் கிட்டத்தில் இருந்தது.

"எப்ப கிளம்பலாம்? முதல்ல மலைக்கா, கடலுக்கா?"

டீச்சர் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். "மாத்தல் ஆர்டர் வந்துடுச்சுங்க. அடுத்த மாசம் அங்கே போய்ச் சேரணும்."

"யாருக்கு மாத்தல்?"

"எனக்குத்தான். நானே எழுதிக் கேட்டேன். அன்னிக்குப் போகணும்னு சொன்னேனே... நாம போறதுன்னா நினைச்சீங்க?"

"பின்னே?"

"நான் மட்டும்ங்க."

யார் என்றே சொல்லாமல் போகணும் என்று சொல்லி முடித்துவிடும் வசதி தமிழில் உண்டு. அந்த ஒரு சொல் விட்டுப்போன இடத்தில்தான் டாக்டர் மழைக்காலம் தொடங்கிப் பலகை அடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"எக்ஸ் யாருன்னு எழுதாம விட்டா பிள்ளைங்களுக்கு நானே மார்க் குறைப்பேன்" என்றார் டீச்சர். "தப்பு என் பேர்லயும் இருக்கு."

"இத்தனை மாசமா பார்த்துக்கிட்டுதானே இருந்தே?"

"நான் போனப்புறம் தனியாச் சுத்துறதுக்குச் செய்றீங்கன்னு நினைச்சேன். அப்பாவுக்குத் தெரியும், அவரே ஏற்பாடு பண்றாருன்னு பொண்ணு வேற சொன்னா. எனக்கு மனசு ஆறிப்போச்சு. இவ்வளவு நல்லவரை விட்டுட்டுப் போறோமேன்னு ஒரு நாள் அழக்கூட அழுதேன்."

"நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணலை. சாப்டியா, தூங்கினியா, தலைவலி போச்சான்னு கேட்டுக்கிட்டேதான் இருந்தீங்க. பதில் சொல்றதுக்குள்ள எழுந்து போயிடுவீங்க. பாதி பதில் எனக்குள்ளயே கெட்டுப்போச்சு."

டாக்டர் கூரையைப் பார்த்தார். "போகாம இருக்க முடியாதா?" என்று கேட்டார்.

கேட்டுவிட்டுக் காத்திருந்தார். கொசுவலையைப் பற்றி ஏதாவது சொல்லிவிடலாம் என்று நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே கிடந்தார்.

டீச்சர் நிதானமாக யோசித்தார். அவசரமில்லாமல் யோசிக்க அந்த வீட்டில் அவருக்குக் கிடைத்த இடம் அந்தப் பலகைதான்.

"முடியாதுங்க" என்றார்.

வாய் நிறையப் பஞ்சை அடைத்த மாதிரி இருந்தது டாக்டருக்கு.

சாமான் ஏற்ற லாரி பிடிப்பதாக டீச்சர் சொன்னபோது டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "பின் சீட்டே இல்லாத வண்டி வாசல்ல நிக்குது. லாரி எதுக்கு?" என்றார். மெத்தையை மட்டும் எடுத்துக் கீழே வைத்தார். டீச்சரின் புத்தகங்களும் புடவைகளும் பாத்திரங்களும் டிராயர்களுக்குள் அளவெடுத்தாற்போல் அடங்கின. ஒன்றுகூட உரசவில்லை.

புது ஊரில் டீச்சருக்கு மாடி வீடு. டாக்டர் ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கி மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு, வண்டியருகே மூச்சு வாங்கினார். கீழ் வீட்டுக்காரர் வண்டியை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அட்டகாசம் சார்! எல்லாம் நீங்களே செஞ்சதா? ரெண்டு பேர் படுக்கலாமா?"

"தாராளமா."

"அந்தம்மா குடுத்து வச்சவங்க. எங்கெங்க சுத்தினீங்க?"

"இதுதான் முதல் ட்ரிப்."

கீழ் வீட்டுக்காரர் விடவில்லை. ஃபிரிட்ஜைக் கேட்டார், பேட்டரியைக் கேட்டார். டாக்டர் சொல்லிக்கொண்டே வந்தவர் பந்தல் துணியை இழுத்து விரித்தும் காட்டினார். வெயில் இல்லாத தெருவில் இரண்டு ஆண்கள் ஒரு நிழலுக்குக் கீழே நின்றார்கள். எப்படிச் சுருட்டுவது என்று சொல்லும்போது டாக்டருக்குக் குரல் உடைந்தது. தூசி என்றார். கீழ் வீட்டுக்காரர் தண்ணீர் எடுத்து வர உள்ளே போனார்.

மாடியிலிருந்து டீச்சர் எட்டிப் பார்த்தார். "டீ போட்டிருக்கேன். குடிச்சுட்டுக் கிளம்புங்க."

டாக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியேறினார். கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே அவரே தூக்கி வந்து போட்ட நாற்காலி. செருப்பை வெளியே ஓரமாக விட்டார். பிறகு திறந்திருந்த கதவை விரலால் மெல்லத் தட்டினார்.

"வாங்க" என்றார் டீச்சர். "உட்காருங்க."