இரவல் வாய்

காலையில் படகுச் சங்க அலுவலகத்தைத் திறக்க மெர்லிந்தா வரும்போதே ஊரார் 'நோங்', அதாவது அண்ணன், என்று கூப்பிடும் படகுக்காரர் தியோடி மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அவள் பின்னாலேயே உள்ளே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்வார். காபி கொடுத்தால் குடிப்பார். கொடுக்காவிட்டாலும் போகமாட்டார். கீழே துறையில் படகுக்கு ஆள் கூப்பிடும் சத்தம் கேட்டால் மட்டும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

"மேடம், இன்னிக்காவது சொல்லிக் குடுங்க" என்பார்.

மெர்லிந்தா கோப்புகளைப் புரட்டத் தொடங்கிவிடுவாள்.

சங்கத்துக்காக அதிகாரிகளிடம் பேசுவது அவள் வேலை. அதில் கெட்டிக்காரி. படகில் ஏற்றும் ஆட்களைப் பாதியாகக் குறைக்க வேண்டும், எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட வேண்டும் என்று போன வருடம் மணிலாவிலிருந்து புது விதி வந்தது. வரிசையாகப் பெரிய படகுகள் வைத்திருந்த சங்கத் தலைவர் பாதோங்குக்குத்தான் பெரிய நட்டம். ஆனால் அவர் போய் அழுதால் யார் நம்புவார்கள்? ஒரே ஒரு படகை வைத்துப் பிழைக்கும் தியோடியை மெர்லிந்தா பிடித்தாள். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேச வேண்டியதை வரிவரியாக மனப்பாடம் செய்ய வைத்தாள். "பொண்ணையும் கூட்டிட்டு வாங்க நோங். யூனிஃபார்மோடவே வரட்டும், அதிகாரிங்க மனசு இளகும்" என்று யோசனை சொன்னதும் அவள்தான்.

இளகியது. விதி ஒரு வருடம் தள்ளிப் போனது. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். அந்தச் சங்கத்தில் அழுதது ஒருவர், குடித்தது வேறொருவர்.

அடுத்து வந்த ஹபகாட் என்னும் தென்மேற்குப் பருவமழைக்காலத்தில் தியோடியின் படகு, ஆட்களை அடைத்துக்கொண்டு போகையில் கவிழ்ந்தது. அவர் கரை சேர்ந்தார். பள்ளிக்கூடத்துக்குப் போக ஏறியிருந்த மகள் இனேசா சேரவில்லை.

அதிலிருந்து மெர்லிந்தா எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் முன்வரிசையில் ஒரு யூனிஃபார்ம் தெரிந்தது. கண்ணைக் கசக்கினால் போய்விடும். அடுத்த கூட்டத்தில் அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கும். யாரிடமும் அவள் இதைச் சொல்லவில்லை.

"என்ன சொல்லிக் குடுக்கணும் நோங்?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"அந்த விதி வேணும்னு சொல்லணும் மேடம். ஆளுங்களை ஏத்துனது நான்தான், இல்லேங்கல. இனிமே யாரும் ஏத்தக் கூடாது. ஆனா எனக்குப் பேச்சு வரல. அடக்கத்தன்னிக்குப் பாதிரியார் ரெண்டு வார்த்தை பேசச் சொன்னாரு. வாயைத் தொறந்தா நீங்க சொல்லிக் குடுத்ததுதான் வருது. 'ஒரு வருஷம் அவகாசம் குடுங்கய்யா'ன்னு குழி முன்னாடி நின்னு கேட்டேன் மேடம்."

"நான் சங்கத்து ஆளு நோங்."

"அப்ப நான் யாரு? நானும் சந்தா கட்டறேனே."

அவள் எழுந்து காபி போடப் போனாள்.

அன்று மதியமே பாதோங் கூப்பிட்டார். "இன்னும் ஒரு வருஷம் கேக்கப்போறோம். இந்தத் தடவை தியோடி வேணாம், ராசியில்லாத மூஞ்சி. கைக்குழந்தைக்காரி எவளாவது கிடைப்பாளா பாரு."

"பாக்கறேன் சார்" என்றாள். ஆனால் பேசுபவர் பெயராகத் தியோடியைத்தான் கொடுத்தாள். மறுபடி சொல்லிக்கொடுக்க அவளுக்குத் துணிவில்லை. மேடை ஏறினால் அவர் சொல்ல நினைப்பது தானாக வந்துவிடும் என்று நம்பினாள்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் தியோடி மைக்கின் முன் நின்றார். "நாங்க சட்டத்தை எதிர்க்கலைங்கய்யா. ஒரு வருஷம் அவகாசம்..." என்று பழைய வரிகளே வந்தன. வேண்டாம் வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டே சொல்லிக்கொண்டு போனார். தியோடியின் பெயரைக் கூப்பிட்டதிலிருந்து பயந்துபோயிருந்த பாதோங் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

மெர்லிந்தா எழுந்துபோய் மைக்கைப் பிடித்தாள்.

"அய்யா, இதெல்லாம் நான் எழுதிக் குடுத்தது. இவர் பொண்ணு செத்தும் இவர் வாயை விட்டுப் போகமாட்டேங்குது."

"மெர்லிந்தா, உக்காரு!" என்று பாதோங் அதட்டினார்.

"தொழில் பண்றவங்க தங்களோட கஷ்டத்தை அரசாங்கத்துகிட்ட சொல்லணும் சார், அது தப்பே இல்ல. ஆனா லாபம் உங்களுக்கு, கண்ணீர் மட்டும் ஏழைகிட்ட இரவலுன்னா அதுக்குப் பேரு மோசடி. அவகாசம் வேணுமா? நீங்களே வந்து கேளுங்க. உங்க பேத்தியை லைஃப் ஜாக்கெட் போடாம, நெறஞ்ச படகுல ஏத்தி அனுப்பிட்டு வந்து, இங்க நின்னு கேளுங்க."

அதிகாரி பாதோங்கின் பக்கம் திரும்பிக் காத்திருந்தார். பாதோங் எழுந்திருக்கவில்லை.