சிந்து அழுதால் நீளும் சாலை

சிந்து காரில் அழுதால் சாலை நீண்டது. பண்டமாரான் வீட்டிலிருந்து கிள்ளான் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போன ஒரு சின்னப் பயணத்திலேயே இது தெரிந்துவிட்டது. அப்போது அவளுக்கு ஒன்றரை வயது. அவள் வாயைத் திறந்து அலறியதும் எதிரே இருந்த சிக்னல் விளக்கு மெல்லப் பின்வாங்கியது. அதுவரை இல்லாத கடைகள் இருபுறமும் வரிசையாக வந்து நின்றன. அவற்றுக்குள் ஆட்கள் தம் பாட்டுக்கு டீ ஆற்றிக்கொண்டும் முடி வெட்டிக்கொண்டும் இருந்தார்கள். பிள்ளை சிரித்தால் நீண்ட சாலை சுருங்கிப் பழைய அளவுக்கு வந்தது; விழுந்து விழுந்து சிரித்தால் அதற்கும் கீழே போனது. சிந்துவின் அப்பா சிவநேசன் போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறவன். பெட்ரோல் விலை ஏறுவதை ஏற்றுக்கொள்வது போல இதையும் ஏற்றுக்கொண்டான். பிள்ளையைச் சிரிக்க வைத்துவிட்டால் தீர்ந்தது, அது குமுதாவின் வேலை என்று முடிவும் செய்துகொண்டான்.

குமுதா கிள்ளானில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை பார்த்தாள். தினமும் அதே காரைத் தானே ஓட்டிக்கொண்டு போய் வந்தாள். குடும்பமாகக் கிளம்பினால் மட்டும் சாவி சிவநேசன் கைக்குப் போய்விடும். தலை சுற்றும் என்று மாமியார் மாரியாயி முன்சீட்டில் ஏறிவிடுவார். பின்னால் பிஸ்கட், பால் புட்டி, ஈரத்துணி, கிலுகிலுப்பை, ஒற்றைக் காது பிய்ந்த துணி முயல் எல்லாவற்றோடும் குமுதா. பாடினாள், முகத்தைத் துணியால் மூடித் திறந்தாள், ஜன்னலில் தெரிந்த மாட்டுக்கெல்லாம் பெயர் வைத்தாள். இறங்கும்போது அவள் தொண்டை கட்டியிருக்கும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றால் சிவநேசன் சொல்வான், "ஓட்டுன நான் ஒண்ணும் சொல்லல. நீ சும்மா பின்னால உக்காந்துதான வந்த?" அந்தச் "சும்மா" ஒவ்வொரு முறையும் அவள் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

தெலுக் இந்தானில் குமுதாவின் அப்பா ரெங்கசாமி இறந்தது ஒரு புதன்கிழமை. தம்பி குரு காலையிலேயே போன் செய்தான். "சாயங்காலம் எடுக்குறாங்கக்கா. அப்பா முகம் பாக்க வந்துரு." நேரம் தாராளமாக இருந்தது. ஆனால் காப்பார் தாண்டியதும் சிந்து அழ ஆரம்பித்தாள். பல் முளைக்கிற நேரம். செக்கிஞ்சான் நெல்வயல்கள் வந்தன; வந்தவை முடியவில்லை. யாரும் நடாத வயல்கள் பச்சையாக நீண்டுகொண்டே போயின. பெயர்ப்பலகையில் தெலுக் இந்தானுக்கான தூரம் கூடிக்கொண்டே இருந்தது. குமுதா கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டிப் பாடினாள். அப்பன் செத்த அன்று குரங்கு போல முகத்தைக் கோணிக் காட்டினாள். பிள்ளைக்கு அது பொய் என்று தெரிந்தது. இன்னும் ஓங்கி அழுதது. "ரோடு நீளுது பாரு! பிள்ளைய அமத்து லா!" என்று சிவநேசன் கத்தினான். "தாய்க்காரி மடியில பிள்ளை ஏன் இப்படிக் கத்துது?" என்று மாரியாயி முன்னால் பார்த்தபடியே கேட்டார். "நான் ஓட்டுறேங்க. நீங்க கொஞ்சம் பின்னால வாங்க," என்று குமுதா கெஞ்சினாள். ஒரு முறையல்ல, பல முறை. "இந்த நெலமையில நீ ஓட்டுவியா? பேசாம பிள்ளைய பாரு," என்றான் அவன்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வீடு கழுவி விடப்பட்டிருந்தது. பந்தலைப் பிரித்து லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். குரு மொட்டைத் தலையோடு வாசலில் நின்றான். "எவ்வளவோ நேரம் நிறுத்திப் பாத்தோம்க்கா. மின்சுடலையில குடுத்த நேரம் போயிரும்னு எடுத்துட்டாங்க." சிவநேசன் நாற்காலியில் சாய்ந்து, சாலை ரொம்ப நீண்டுவிட்டது என்று வந்தவர்களிடம் சொன்னான். பாவம், எவ்வளவு தூரம் ஓட்டியிருக்கிறார் என்று அவர்களும் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். குமுதா அழவில்லை. அழுகை வரவேண்டிய இடத்தையெல்லாம் கோபம் அடைத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு பல மாதங்கள் அவள் வைத்த குழம்பு அடுப்பை அணைத்த பிறகும் கொதித்துக்கொண்டிருந்தது. மாரியாயி அதை ஆறவைக்க மின்விசிறியின் கீழே வைத்துப் பார்த்துவிட்டு, அப்படியே சாப்பிடப் பழகிக்கொண்டார்.

சிவநேசனின் தம்பிக்கு மூவாரில் பரிசம் போடத் தேதி குறித்தார்கள். அன்று காலை பட்டுச் சட்டையும் வேட்டியுமாகச் சிவநேசன் வெளியே வந்தபோது குமுதா காரை ஸ்டார்ட் செய்துவிட்டு ஓட்டுநர் இருக்கையில் இருந்தாள். பின்னால் சிந்து பிள்ளை இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எறங்கு குமுதா. விளையாடாத."

"பின்னால ஏறுங்க. சும்மா உக்காந்து வாங்க."

"நான் வேணும்னா பின்னால போறேன்ம்மா," என்றார் மாரியாயி.

"உங்களுக்குத் தலை சுத்தும் அத்தே. எப்பவும்போல முன்னாலயே உக்காருங்க."

ஜெஞ்சாரோமை எட்டுவதற்குள் சிந்து ஆரம்பித்துவிட்டாள். சிவநேசன் போனில் படம் போட்டுக் காட்டினான். அவள் வாய் மூடிப் பார்த்தாள். சாலை நீளவில்லை, சுருங்கவும் இல்லை. போனில் சார்ஜ் தீர்ந்ததும் பழைய குரலில் தொடர்ந்தாள். போர்ட் டிக்சனுக்குப் பிறகு வலது பக்கத்துக் கடல் முடியவே இல்லை. பெயரில்லாத ஊர்கள் வந்தன. அவற்றின் பஸ் நிறுத்தங்களில் ஜனங்கள் குடை பிடித்துக் காத்திருந்தார்கள். சிவநேசன் பாடினான், அதட்டினான், கும்பிட்டான். பட்டுச் சட்டையில் பால் கொட்டியது, அதன் மேல் பிஸ்கட் ஒட்டியது. பரிசத் தட்டோடு எல்லாரும் கிளம்பிவிட்டதாகத் தம்பி மாரியாயியின் போனில் விடாமல் கூப்பிட்டான்.

"நிறுத்து குமுதா. என்னால முடியல. செத்துருவேன் போல இருக்கு."

குமுதா கண்ணாடியில் அவனைப் பார்த்தாள். "எங்கப்பா செத்தன்னிக்கு நான் அங்கதான் உக்காந்திருந்தேன்," என்றாள். காரின் வேகத்தைக் குறைக்கவில்லை.

அதற்குப் பிறகும் வெகுதூரத்துக்குச் சிந்து அழுதுகொண்டே வந்தாள். ஒரு மேட்டில் எதிரே லோரி ஒன்று இறங்கியபோது, பழக்கத்தில் சிவநேசனின் வாய் தானாக அதன் காற்று பிரேக் சத்தத்தை எழுப்பியது. "ப்ஸ்ஸ்ஸ்!" சிந்து அழுகையை நிறுத்தி அவன் வாயைப் பார்த்தாள். அவன் மறுபடி செய்தான். அடுத்து, லோரி பின்னால் எடுக்கும்போது எழும் பீப் பீப். அப்புறம் கன்டெய்னர் தரையில் இறங்கும் 'டங்'. பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கடல் சட்டென்று முடிந்தது. மலாக்கா ஒரு வளைவில் வந்து மறு வளைவில் போனது. மூவார் பாலத்தில் அவர்கள் ஏறியபோது தம்பியே இன்னும் வந்திருக்கவில்லை. பெண் வீட்டில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

மாரியாயி இறங்கியதும் எல்லாரிடமும் சொன்னார், "வழி முழுக்க எம்மவன்தான் பிள்ளைய பாத்துக்கிட்டு வந்தான்." பெண்கள் கூடிவிட்டார்கள். இந்தக் காலத்தில் இப்படி ஓர் அப்பனா என்றார்கள். பால் கொட்டிய சட்டையை ஒருத்தி போனில் படம்கூட எடுத்தாள். குமுதாவின் கையிலிருந்த எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொதித்து ஆவியானது. சாப்பாடு முடிந்ததும் அவனைக் கார் பக்கம் கூப்பிட்டாள்.

"இவ்வளவுதானாங்க? வாயால நாலு சத்தம்! இத அன்னிக்குச் செஞ்சிருந்தா நான் எங்கப்பா முகத்தப் பாத்திருப்பேன்."

சிவநேசன் காரின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். "தெரியல குமுதா. எனக்கு இது வரும்னே தெரியல."

"நீங்க உக்காந்து பாக்கல. அதான் தெரியல."

"மன்னிச்சிரு."

"முடியாது," என்றாள் அவள். சொன்னபடியே மன்னிக்கவும் இல்லை. ஆனால் அன்று இரவு முதல் அவள் குழம்பு மற்றவர்கள் வீட்டுக் குழம்பு போலவே ஆறியது.

ஆண்டுகள் போயின. சிவநேசன் லோரிச் சத்தத்தோடு கப்பல் சங்கு, கிரேன், ரயில் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டான், தொண்டை கட்டிக்கொண்டது, இடுப்பு வலி வந்தது, சும்மா என்ற சொல் அவன் வாயிலிருந்து போய்விட்டது. சிந்துவுக்குத் தம்பி பிறந்தான், அவன் அழுதாலும் சாலை நீண்டது. பிறகு பக்கத்து வீடுகளிலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருப்பதாகத் தெரியவந்தது. அந்தத் தாய்மார்கள் வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். இப்போதெல்லாம் பண்டமாரானில் ஜோகூர் எவ்வளவு தூரம் என்று கேட்டால், பிள்ளையோடு பின்னால் யார் உட்காருகிறார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார்கள். குமுதா யாரிடமும் கேட்பதில்லை. சாவியை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகக் காரில் ஏறிவிடுகிறாள்.