எட்டுப் பக்கங்களில் ஒரே வரி

தொழிற்சாலைப் பாதுகாப்பு படிக்கும் அந்தப் பெண்ணுக்கு வகுப்பில் வைத்த பெயர் 'அடிக்குறிப்பு'. யார் எதைச் சொன்னாலும், "யார் சொன்னது? எங்க போட்டிருக்கு?" என்று துளைத்தெடுத்துவிடுவாள். இறுதியாண்டு ஆய்வுக்கட்டுரைக்கு ஏதாவது ஒரு விபத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னபோது, பதினான்கு வருடங்களுக்கு முன் ஒரு சாயப்பட்டறையில் கொதிகலன் வெடித்ததை எழுதிக் கொடுத்தாள். அதில் மூன்று பேர் இறந்தார்கள். கொதிகலனை ஓட்டியவர் அவளுடைய அப்பா, மூவரில் ஒருவர். இதைப் பேராசிரியரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"இணையத்துல எடுத்தாலும் பரவாயில்ல. ஆனா நம்பகமான ஆதாரமா குறைஞ்சது எட்டு வேணும்" என்றார் அவர்.

ஒரே காலையில் எட்டும் கிடைத்துவிட்டன. எட்டிலும் ஒரே வரி: 'பணியில் இருந்த ஊழியர் தூங்கிவிட்டதால் கொதிகலண் வெடித்தது.' படித்தபோது அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பள்ளிக்கூடத்தில் 'தூங்குமூஞ்சி மகள்' என்று கூப்பிட்ட காலத்திலேயே அது மரத்துப்போயிருந்தது. முகவரிகளைப் பட்டியலில் ஒட்டி, நூலகத்தின் இணையப் பிரிவுக்கு எடுத்துப் போனாள். அங்கே கையெழுத்து வாங்கினால்தான் பட்டியல் செல்லும்.

அங்கிருந்த நூலகர் இவளைவிட நாலைந்து வயதுதான் பெரியவள். சளி பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தாள்.

"இது எட்டு இல்லம்மா. ஒண்ணுதான்."

"எப்படிக்கா?"

"கொதிகலனுக்கு எல்லாருமே மூணு சுழி போட்டிருக்காங்க பாரு. எட்டு பேரும் தனித்தனியா உக்காந்து ஒரே தப்பைப் பண்ணுவாங்களா?"

ஊரையே கேள்வி கேட்டுக் குடைந்தவள், இந்த ஒரு வரியை மட்டும் கேட்காமலே விட்டிருக்கிறாள். இருவரும் தேதி பார்த்துப் பின்னோக்கிப் போனார்கள். ஆறாவது பக்கம் ஏழாவதை ஆதாரம் காட்டியது. ஏழாவது ஆறாவதையே காட்டியது. நூலகருக்குச் சிரிப்பும் தும்மலும் சேர்ந்து வந்தன. கடைசியில் எல்லாம் போய் நின்ற இடம், வெடித்த மறுநாள் வந்த ஒரு பத்திரிகைச் செய்தி. 'தொழிற்சாலை வட்டாரத்தில் கூறப்படுகிறது' என்றிருந்தது. சொன்னவர் பெயர் இல்லை.

"விசாரணைன்னு ஒண்ணு நடந்திருக்குமே. அந்த அறிக்கையைத் தேடு" என்று நூலகர் கையெழுத்துப் போடாமல் அனுப்பிவிட்டாள்.

அரசாங்கத் தளத்தில் பழைய அறிக்கைகளைப் படமாக எடுத்துக் குவித்து வைத்திருந்தார்கள். சொல்லைப் போட்டுத் தேடினால் எதுவும் வராது. ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். மூன்றாம் நாள் மத்தியானம், அறுபதோ எழுபதோ கோப்புகளுக்குப் பிறகு, அது அகப்பட்டது. முப்பத்தோராம் பக்கம் பக்கவாட்டில் கிடந்தது. அதை நிமிர்த்தத் தோன்றாமல் தலையைச் சாய்த்தே படித்தாள்.

அழுத்தம் கூடினால் திறக்க வேண்டிய பாதுகாப்பு வால்வு இறுகிப்போயிருந்தது. அதை மாற்றச் சொல்லிக் கொதிகலன் ஓட்டுநர், பதிவேட்டில் மூன்று முறை எழுதியிருக்கிறார். யாரும் மாற்றவில்லை. வெடித்த நேரத்தில் அவர் தண்ணீர்ப் பம்பின் அருகே நின்று மற்றவர்களை வெளியே ஓடச் சொல்லிக் கத்தினார் என்று பிழைத்தவர்கள் இருவர் சாட்சி சொல்லியிருந்தார்கள். ஓட்டுநர் மீது தவறில்லை.

அவள் அறிக்கை எண், பக்க எண், பார்த்த தேதி மூன்றையும் குறித்துக்கொண்டாள். அழுகை வருகிறதா என்று, சட்டைப்பையில் சாவி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். வரவில்லை.

அம்மா ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை முடிந்து வந்து, சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"அம்மா, அப்பா தூங்கல."

"என்னடி சொல்ற?"

அச்செடுத்த தாளை வாசித்துக் காட்டினாள். அம்மா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு அந்தத் தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"வெடிச்சதுக்கு முந்தின ராத்திரி உனக்குக் காய்ச்சல். நான் அசந்துட்டேன். அவருதான் விடிய விடிய உன்னைத் தோள்ல போட்டு நடந்தாரு. அதான் வேலையில கண்ணசந்துட்டாருன்னு நினைச்சேன். உன்கிட்ட எப்படிச் சொல்றது? நான் முழிச்சிருந்தா அவரு தூங்கியிருப்பாருல்ல?"

"பதினாலு வருஷமாவா இதை வச்சிருந்த?"

"வேற எங்க கொண்டுபோய் வைக்க?"

மகள் செருப்பைக் கழற்றினாள். அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அந்தப் பம்புக்கும் வாசலுக்கும் எவ்வளவு தூரம் இருக்கும்?" என்று அம்மா கேட்டாள்.

அறிக்கையின் நாற்பதாம் பக்கத்து வரைபடம் மகளுக்கு நினைவிருந்தது. "பன்னிரண்டு அடி."

"பன்னிரண்டு அடி" என்றாள் அம்மா. அப்புறம் எழுந்து சாதம் வைக்கப் போனாள். இருவரும் சாப்பிட்டார்கள். குழம்பில் உப்பில்லை, இருவருமே அதைச் சொல்லவில்லை.

கட்டுரை முடிந்தது. இறந்த ஓட்டுநர் தன் தந்தை என்று முதல் பக்கத்திலேயே ஒரு வரி சேர்த்துக் கொடுத்தாள். பேராசிரியர் அதைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். "ஆமா சார்" என்றாள்.

திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்து, கதவு திறந்து, மூடி, பின்னால் போயிற்று. அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்; மனசு அந்தப் பன்னிரண்டு அடியிலேயே நின்றிருந்தது. அடுத்ததில் இறங்கி, வந்த வழியே நடந்தாள்.