பத்து விரலும் பச்சை

…கையை மட்டும் எங்கேயும் உரசாமல் வைத்துக்கொண்டால் போதும், நாற்காலிக் கைப்பிடியில் வேண்டாம், ஃபைல் மேலேயும் வேண்டாம், மடியில் மல்லாக்க வைத்தபடி உட்கார்ந்திருக்கிறேன், பார்க்கிறவர்கள் ஏதோ வாங்கக் கை நீட்டிக்கொண்டிருக்கிறாள் என்று நினைப்பார்கள், நினைக்கட்டும், வாங்கத்தானே வந்திருக்கிறேன்… பலகையில் எண்பத்தேழு, என் சீட்டில் தொண்ணூற்று நாலு, நடுவில் ஆறு பேர், அந்த ஆறில் ஒன்று கைக்குழந்தை, குழந்தைக்கு ரேகை எடுக்க மாட்டார்கள், அப்படியென்றால் ஐந்து… நெஞ்சு ஏன் இப்படித் துள்ளுகிறது, முப்பத்தாறு வயதில், பரீட்சை முடிவு பார்க்கப் போகிற பிள்ளை மாதிரி. பயமா என்று கேட்டால் பயம் இல்லை, பயமெல்லாம் போன தடவையோடு சரி, இது வேறு, வெளியூர் கிளம்புகிற அன்று காலையில் வயிற்றுக்குள் ஒரு குதிப்பு இருக்குமே, அது. கடவுளிடம் என்ன கேட்பது என்று பேருந்திலேயே யோசித்துப் பார்த்தேன், எனக்குக் கொடு என்று கேட்கக் கூச்சமாக இருந்தது, இந்தக் கூடத்தில் இருக்கிற இருநூறு பேரும் அதையேதான் கேட்டுக்கொண்டிருப்பார்கள், அவரும் பாவம் எத்தனை பேருக்குத்தான் காது கொடுப்பார். அதனால் கவுண்டரில் இருப்பவருக்கு இன்று காலைக் காப்பி நன்றாக அமைந்திருக்கட்டும், வீட்டில் யாரோடும் சண்டை போடாமல் கிளம்பி வந்திருக்கட்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன், அது எல்லோருக்கும் சேருமே…

வெள்ளிக்கிழமை. எல்லாம் அந்த வெள்ளிக்கிழமையில்தான் இருக்கிறது. இன்று புதன், வெள்ளியோடு என் அட்டை காலாவதி, இந்த நாட்டில் இருக்கலாம், வேலை பார்க்கலாம் என்று சொல்கிற அட்டை. புது அட்டைக்குப் பத்து விரல் ரேகையும் பதிய வேண்டும். ஐந்து வருஷம் ஒரு நாள்கூட இடைவெளி விழாமல் அட்டை கையில் இருந்தால்தான் பி.ஆர். கிடைக்கும், நிரந்தரமாக இருந்துகொள் என்கிற அந்த ஒற்றைத் தாள். நான் நாலு வருஷம் எட்டு மாசம் கடந்துவிட்டேன், இன்னும் நாலு மாசம். நடுவில் ஒரே ஒரு நாள் ஓட்டை விழுந்தாலும் மறுபடி பூஜ்யத்திலிருந்து, அதுவும் எனக்கு மட்டும் இல்லை, வீட்டுக்காரர், மகள், இரண்டு பேருடைய அட்டையும் என் அட்டையில்தான் தொங்குகிறது, நான் வண்டி, அவர்கள் பெட்டிகள். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் படமே கிடையாது, தேதிகள்தான், பாஸ்போர்ட் எப்போது முடிகிறது, காப்பீடு எப்போது, வாடகை ஒப்பந்தம் எப்போது… "இந்த வீட்டுல காலாவதி தேதி போடாத பொருள் நாம மூணு பேருதான்" என்பார் அவர். அவருக்கு இந்தத் தாள்கள் என்றால் பிள்ளைகள் மாதிரி. காலையில் ஃபைலைக் கொடுக்கும்போது, "ஜெராக்ஸ் மூணு செட் இருக்கு, போட்டோ எட்டு இருக்கு, ஒரு பசை டியூபும் போட்டிருக்கேன்" என்றார். பசை எதுக்குங்க என்றேன். "கேட்டா?" என்றார். யார் கேட்பார்கள்? ஆனால் அந்தப் பசை டியூபை நினைத்தால் இப்போதுகூடக் கண் கலங்குகிறது, தன்னால் என் விரலுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லையே என்கிற தவிப்புதானே அந்தப் பசை…

எண்பத்தொன்பது. போன தடவை இதே கூடம்தான், இதே நாற்காலிகள். கண்ணாடி மேல் விரலை வைத்தேன், சிவப்பு. மறுபடி வைத்தேன், சிவப்பு. பத்தில் நாலுதான் பச்சை காட்டியது, மீதி ஆறுக்கும் அங்கே விரலே இல்லை என்றது இயந்திரம். "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டாள் கவுண்டரில் இருந்த பெண். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற கூடத்தில், கறைத் தொட்டியில் என்றேன். நோய் பெயரைக் கேட்ட டாக்டர் மாதிரித் தலையாட்டினாள், பன்னிரண்டு நாள் தள்ளித் தேதி போட்டுக் கொடுத்தாள், அதற்குமேல் தள்ள அட்டையில் நாள் இல்லை. கறைத் தொட்டி என்றால் பிளீச்சிங் தண்ணீர், முழங்கை ஆழம். இரத்தம், மருந்து, வாந்தி பட்ட விரிப்புகளை இயந்திரத்தில் போடுவதற்கு முன்னால் கையால் தேய்த்து விட வேண்டும். கையுறை தருகிறார்கள், தராமல் இல்லை, ஆனால் தொட்டி ஆழத்துக்கு அது எட்டாது, மணிக்கட்டு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கி அங்கேயே நின்று இன்னும் மோசமாக அரிக்கும், அதனால் முதல் வாரமே கழற்றிப் போட்டுவிட்டேன். இன்னொன்றும் உண்டு, சொன்னால் வெட்கம், பெருமைதான் அது. கறை போன துணி விரலுக்கு ஒரு மாதிரி, போகாதது ஒரு மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன், அந்தப் பேரை விட மனசில்லை. யாரோ ஒரு நோயாளி நாளைக்கு அதன்மேல் முதுகைச் சாய்த்துப் படுக்கப்போகிறார், அவருக்கு ஒரு பொட்டுக் கறை தெரியக் கூடாது என்றுதான் தேய்த்தேன், தேய்த்துத் தேய்த்து என்னையே அழித்துக்கொண்டிருக்கிறேன் என்று யாருக்குத் தெரியும்…

அன்றைக்கு வெளுக்கிற கூடத்துக்குத் திரும்பி வந்து அழுகையை அடக்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன், பதினோரு பேரும் இயந்திரத்தை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். கொக்கு அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். மடிப்பு மேசையில் நின்றால் ஒரு காலைத் தூக்கி மறுகாலில் ஊன்றிக்கொண்டு நிற்பார், ஆறடிக்கு மேல் உயரம், அதனால் கொக்கு. "கையைக் காட்டு" என்றார். காட்டினேன். "தங்கச்சி, இது கையா, தோல் சீவின வெள்ளரிக்காயா? சோப்புக் கட்டிகூட இதைவிடச் சொரசொரப்பா இருக்குமே!" எல்லோரும் சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, மூக்கில் அழுகையும் வாயில் சிரிப்புமாக நின்றேன். "நாளையிலேர்ந்து மடிப்பு மேசை உன்னோடது, தொட்டி என்னோடது." அண்ணே, உங்களுக்குத் தொட்டி வேலை பழக்கம் இல்லையே என்றேன். "கொக்குக்குத் தண்ணியில நிக்க யாராவது கத்துத் தரணுமா? போ போ, போய்த் தலையணை உறையை மடி." மேற்பார்வை பார்க்கிற அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள், வேலை மாற்றுவது விதிப்படி குற்றம், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "கண்ணாடி இல்லாம யாரு எங்க நிக்கிறீங்கன்னு எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று போய்விட்டாள். இஸ்திரி போடுகிறவள் ஒரு களிம்பு டப்பா கொண்டுவந்து கொடுத்தாள், தடவிக்கொண்டு காலுறையைக் கையில் மாட்டிப் படு என்றாள், வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "குத்துச்சண்டைக்குப் போறவ பக்கத்துல படுக்கப் பயமா இருக்கும்மா" என்றார்… உலகத்தில் கெட்டது நிறைய இருக்கிறது என்கிறார்கள், இருக்கலாம், நான் பார்த்த அளவில் யாராவது ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிடுகிறார்கள்.

தொண்ணூற்று ஒன்று. ஒன்பது வயது மகளுக்கு இது ஒரு விளையாட்டாகப் போய்விட்டது, பள்ளிக்கூடத்து மைத்தட்டைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு தினமும் சாயங்காலம் என் கட்டைவிரலைப் பிடித்து நோட்டில் ஒற்றி எடுப்பாள். முதல் நாள் வெறும் மைத் திட்டு. "அம்மா, இது உருளைக்கிழங்கு" என்றாள். நாலாம் நாள் ஓரத்தில் இரண்டு கோடு. ஏழாம் நாள், "அம்மா! வட்டம் வருது! குட்டியா ஒரு வட்டம்!" என்று குதித்தாள், கீழ் வீட்டில் இருப்பவர் குச்சியால் கூரையைத் தட்டினார். பாத்திரம் தேய்ப்பது அவள், தரை துடைப்பது அவள் அப்பா, நான் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன், என் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டதும் அவள்தான், பின்னல் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நின்றது, அப்படியே வேலைக்குப் போனேன். உள்ளே இருந்து வருகிறதாமே ரேகை, தோலை எத்தனை தேய்த்தாலும் அடியில் இருப்பது அழியாதாமே, கடவுள் ஒருவனை எழுதினால் மேலோட்டமாக எழுத மாட்டார் போல… தொண்ணூற்று மூன்றா? அதற்குள்ளா? குழந்தையைத் தாண்டிவிட்டார்களா? ஃபைல் எங்கே, காலடியில், எழுந்திரு, கையை எங்கேயும் ஊன்றாமல் எழுந்திரு…

ஆறாம் கவுண்டர், வழுக்கைத் தலைக்காரர், முகத்தில் காப்பி தெரிகிறதா என்று பார்க்கிறேன், ஒன்றும் தெரியவில்லை. பாஸ்போர்ட், பழைய அட்டை, வேலைக் கடிதம், வாடகை ஒப்பந்தம், எதைக் கேட்டாலும் ஃபைலில் தேடும் முன்பே கைக்கு வருகிறது, வீட்டுக்காரரே வாழ்க. வலது கட்டைவிரல். சிவப்பு. என்னது… இன்னொரு முறை. சிவப்பு. பன்னிரண்டு நாள், உருளைக்கிழங்கு, குட்டி வட்டம், எல்லாம் எங்கே போயிற்று? அவர் எழுந்தார். போகிறாரா? இல்லை, மேசையைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார், தன் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார், பிறகு என் விரலைக் காட்டித் தன் வாயைக் குவித்து ஊதிக் காட்டினார். சூடான பாலை ஆற்றுகிற மாதிரி ஊதினேன், ஈரமான மூச்சு பட்டதும் அழுத்தச் சொன்னார், பச்சை! பச்சை! ஊதினேன், வைத்தேன், பச்சை. பின்னால் நாற்காலியில் இருந்த, முன்பின் தெரியாத ஒரு அம்மா, "அஞ்சு… ஆறு…" என்று தன் மொழியில் எண்ண ஆரம்பித்தாள், எண்ணிக்கைக்கு மொழி வேண்டாம் என்று அப்போதுதான் தெரிந்தது. இடது மோதிர விரல் மட்டும் மூன்று தடவை அடம்பிடித்தது, நாலாவதில் அதுவும் இறங்கி வந்தது. பத்தும் பச்சை. அவர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார், என் பத்து விரலும் பெரிது பெரிதாக, அலை வந்து போன மணல் மாதிரி கோடு கோடாக, இது நானா, இவ்வளவு வளைவும் சுழிவும் எனக்குள்ளா… ரசீது அடித்துக் கொடுத்தார், இது இருக்கிறவரை இடைவெளி விழாது, மூன்று வாரம் கழித்து அட்டை வாங்க வரும்போது இதே பத்து விரலையும் மறுபடி வைக்க வேண்டும், அதுவரை கையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். சிரித்தார். காப்பி நன்றாகத்தான் அமைந்திருக்கிறது, கடவுளே.

வெளியே வெயிலா மேகமா என்றுகூடப் பார்க்கவில்லை, பேருந்து நிறுத்தம் வரை ஓடினேன் என்றுதான் நினைக்கிறேன். வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன், கத்தினேன், "ரசீதை ஜெராக்ஸ் எடுத்துடு" என்றார், அதுதான் அவர் ஆனந்தக் கண்ணீர். கொக்கு அண்ணனுக்கு மூன்று தடவை அடித்தேன், எடுக்கவில்லை, அப்புறம் அவரே கூப்பிட்டார். ஏண்ணே, எவ்வளவு நேரமாக் கூப்பிடுறேன் என்றேன். "கை ஈரம், துடைச்சிட்டு வர்றதுக்குள்ள நின்னுபோச்சு. திரும்பக் கூப்பிடலாம்னா போன் திறந்தாத்தானே? நாலு நாளா என் விரலை வச்சா திறக்க மாட்டேங்குது, எவனோ திருடன்னு நினைச்சுக்குது. நம்பர் போட்டுத்தான் திறக்கிறேன், பழைய போன், அது கிடக்கட்டும், உன் சமாச்சாரம் என்ன, இருக்கியா இல்லையா?" பத்தும் பச்சைண்ணே! "பத்துமா? ஏய், பத்தும் பச்சையாம்!" என்று அவர் கத்த, இயந்திரச் சத்தத்துக்கு மேலே ஒரு கூச்சல், யாரோ தொட்டி மூடியைத் தட்டுகிறார்கள், இஸ்திரிக்காரி சீழ்க்கை அடிக்கிறாள், நான் ரோட்டில் நின்று தனியாகச் சிரிக்கிறேன், ஒரு வயசான ஆள் என்னைப் பார்த்துத் தானும் சிரித்துவிட்டுப் போகிறார்… அப்புறம்தான், சிரிப்பு பாதி ஓய்ந்தபோதுதான், அவர் விரலுக்குப் போன் திறக்கவில்லை என்று சொன்னது காதுக்குள் போய் விழுந்தது. "அண்ணே… உங்க அட்டை எப்ப முடியுது?" என்றேன். "அது எதுக்கு இப்போ? வர்ற மாசம் என்னமோ தேதி. இன்னிக்கு உன்னோட நாளு. இனிப்பு இல்லாம இந்தப் பக்கம் காலை வச்சுடாதே, சொல்லிட்டேன்." போனை வைத்துவிட்டார்.

பேருந்து வந்தது, ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்துவிட்டேன், ரசீது நெஞ்சோடு இருக்கிறது, சந்தோஷம் ஒரு பிடிகூடக் குறையவில்லை, ஆனால் அதன் பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. என் கை மூன்று வாரத்துக்குத் தொட்டிக்குள் போகக் கூடாது, அவர் கை இனி ஒரு நாள்கூடப் போகக் கூடாது, விரிப்புகள் தினமும் வந்துகொண்டுதான் இருக்கும், யாராவது ஒருவர் கை விட்டுத்தான் ஆக வேண்டும். இஸ்திரிக்காரி? அவளுக்கு எப்போது? உலர்த்துகிற இடத்தில் இருக்கிற அந்த இரண்டு பேருக்கு? கண்ணாடியைக் கழற்றினாளே அந்த அம்மா, அவளிடமும் ஏதாவது அட்டை இருக்குமோ, அதிலும் ஒரு வெள்ளிக்கிழமை இருக்குமோ… நாலு வருஷம் எட்டு மாசம் பக்கத்தில் நின்று வேலை செய்திருக்கிறேன், பதினோரு பேரையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்கிறேன், என் தேதி அவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும், அவர்களில் ஒருவர் தேதிகூட எனக்குத் தெரியவில்லையே…